காளியும் கூளியும் கட்டியக்காரனும்: சித்தூர்ப் பகுதிக் கூத்துகளில் நகையும் அரக்கரும்

உள்ளத்தில் எழும் உணர்வு உடலின் வழியே பிறர்க்குப் புலனாவதை மெய்ப்பாடு என்று வழங்கினார் தொல்காப்பியர். அவர் வகுத்த மெய்ப்பாடுகள் எட்டு. அவற்றுள் முதற்கண் நிற்பது நகை. அச்சமும் அவ்வெட்டனுள் ஒன்றாகும். நகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறிய ஆசிரியர் அச்சத்திற்கும் நான்கே கூறினார். பிறரை எள்ளுதலும், இளமை விளையாட்டும், பேதைமையும், மடமையும் நகைக்குப் பிறப்பிடம். பேயும் தெய்வமும் அடங்கிய அணங்கும், கொடுவிலங்கும், கள்வரும், தம்மை ஆளும் இறையும் அச்சத்திற்குப் பிறப்பிடம்.

ஏட்டில் இவ்விரண்டும் தனித்தனி மெய்ப்பாடுகள். கூத்து மேடையிலோ இவை இணைபிரியாத் தோழர்கள். அரக்கன் அலறிக்கொண்டு வரும் அதே மேடையில்தான் கோமாளியும் குதித்துக்கொண்டு வருகின்றான். குழந்தைகள் அரக்கனைக் கண்டு தாயின் மடியில் முகம் புதைக்கின்றனர். மறுகணம் கோமாளியைக் கண்டு கைகொட்டிச் சிரிக்கின்றனர். ஆயினும், கூத்து முடிந்து வீடு திரும்பிய பின்னர் அவர்கள் நடித்துப் பார்ப்பது யாரை? இராமனை அன்று, அரக்கனைத்தான்! அஞ்சத்தக்கதன்மீது மனிதனுக்கு ஏன் இந்தக் காதல்? அந்தக் காதலுக்கும் நகைச்சுவைக்கும் என்ன உறவு? இவ்வினாக்களுக்கு விடை தேட மிகவும் ஏற்ற நிலம் ஒன்று உண்டு. அதுவே பாலக்காட்டுக் கணவாயின் கீழ்வாயிலில் அமைந்த சித்தூரும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் ஆகும்.

கணவாயும் கலப்பும்

மேற்குத் தொடர்ச்சி மலை தன் நெடிய சுவரில் விட்டுவைத்த பெருவாயில் பாலக்காட்டுக் கணவாய். கொங்கு நாட்டுக்கும் சேர நாட்டுக்கும் இடையே வணிகரும் படைஞரும் புலவரும் கூத்தரும் இவ்வழியேதான் போந்தனர். பாலக்காட்டின் பிற பகுதிகள் ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தன. சித்தூர் வட்டமோ கொச்சி அரசின் ஒரு தீவு போல அவற்றின் நடுவே கிடந்தது. 1949இல் திருவிதாங்கூர்-கொச்சி இணைப்பு ஏற்பட்டது. 1956 நவம்பர் முதல் நாள் கேரளம் பிறந்தது. தெற்கே தேவிகுளமும் பீர்மேடும் போலவே, கொழிஞ்சாம்பாறை முதலிய தமிழர் மிகுந்த ஊர்களைக் கொண்ட சித்தூர் வட்டமும் அம்மாநிலத்தின் எல்லைப் பகுதியாயிற்று. கோடுகள் மாறினவேயன்றி மக்கள் மாறவில்லை. இன்றும் அவ்வூர்ச் சந்தைகளில் தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் ஒலிக்கக் கேட்கலாம்.

சித்தூரைத் தழுவி ஓடும் ஆற்றுக்குச் சோகநாசினி என்று பெயர். மலையாள மொழிக்குத் தந்தை எனப் போற்றப்பெறும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதி நாள்களை அதன் கரையில் கழித்தார் என்பது மரபு. அவ்வாறு பாரதப்புழையோடு கலந்து மேற்கே செல்கின்றது. அப்பேராற்றின் கரையில் காளி கோயில்தோறும், கம்பன் இன்றும் இரவெல்லாம் விழித்திருக்கின்றான். அதனைப் பின்னர்க் காண்போம்.

பரணி வளர்த்த பேய்கள்

அரக்கரையும் பேய்களையும் நேசிப்பது தமிழர்க்குப் புதியதன்று. தம் இளமையையும் அழகையும் உதறிவிட்டு, பேய் வடிவே வேண்டும் என்று இறைவனிடம் கேட்டுப் பெற்றவர் காரைக்கால் அம்மையார். திருவாலங்காட்டுச் சுடலையில் ஆடும் பேய்க்கூட்டத்தை அவர் பாடும்போது அருவருப்பு இல்லை. அக்கூட்டத்தில் தாமும் ஒருவர் என்னும் உறவே தெரிகின்றது. உலகம் அஞ்சி ஒதுக்கிய வடிவத்தை ஏற்றுக்கொண்ட அவரையே இறைவன் ‘அம்மையே’ என்று அழைத்தான் எனப் பெரியபுராணம் பேசும்.

12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதற்குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றான். அவ்வெற்றியைப் பாடிய சயங்கொண்டார் பேய்களையே தம் காப்பியத்தின் மாந்தராக்கினார். அவர் காட்டும் பேய்கள் பசியால் வாடிக் காளியிடம் முறையிடுகின்றன; போர் நடந்தது என்று கேட்டதும் கூத்தாடுகின்றன; களத்திலே கூழ் சமைத்துப் பந்தி பரிமாறுகின்றன. அப்பந்தியில் பார்ப்பனப் பேய் உண்டு. சமணப் பேயும் புத்தப் பேயும் உண்டு. குருட்டுப் பேயும் ஊமைப் பேயும் உண்டு. கருவுற்ற பேயும் உண்டு. அழையாமல் வந்த விருந்துப் பேயும் உண்டு. ஓர் ஊரின் திருமணப் பந்தியையே புலவர் சுடுகாட்டில் படைத்துவிட்டார். போரின் கொடுமையை நேரே சொன்னால் செவி மூடிக்கொள்ளும். பேயின் வாயால் சொல்லும்போதோ நாம் சிரித்துக்கொண்டே கேட்கின்றோம். கேட்டு முடித்தபின் அது சிரிப்பதற்குரியதன்று என்று உணர்கின்றோம். சிறந்த நகைச்சுவையின் இயல்பு இதுவே.

அந்நூலின் பகுதிகளுள் ஒன்றின் பெயர் ‘காளிக்குக் கூளி கூறியது’ என்பது. கூளி என்றால் பேய். இச்சொல் தமிழ்ப் பேச்சில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் நடுக்கேரளத்துக் காளி கோயில்களில் ஆடப்பெறும் முடியேற்று என்னும் கூத்தில் கூளி இன்றும் உயிரோடு இருக்கின்றாள். தாரிகன் என்னும் அசுரனைப் பத்திரகாளி கொன்ற கதையே அக்கூத்து. 2010இல் யுனெஸ்கோ நிறுவனத்தின் பட்டியலிலும் அது இடம்பெற்றது. அதில் காளியோடு கரிய உடலும் பெருத்த வயிறுமாகத் துணைக்கு வருபவள் கூளி. அவள்தான் பேய், அவள்தான் கோமாளியும். காளியின் சினத்தால் நடுங்கிய கூட்டம் கூளியின் குறும்பால் சிரிக்கின்றது. சயங்கொண்டார் ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் இணைத்த இருவரை மலைக்கு அப்பாலுள்ள மக்கள் இன்னும் பிரிக்கவில்லை.

காளிக்காக ஒரு கதை

தாரிகனோடு காளி போர் புரிந்துகொண்டிருந்த அதே வேளையில் இலங்கையில் இராமன் இராவணனோடு பொருதான். எனவே அப்பெரும்போரைக் காணும் பேறு காளிக்கு வாய்க்கவில்லை. அக்குறை தீர ஆண்டுதோறும் அவள் திருமுன் இராமகதையை ஆடிக்காட்டுமாறு சிவபெருமான் பணித்தான். பாலக்காட்டிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் நடைபெறும் தோல்பாவைக் கூத்துக்கு அவ்வூர் மக்கள் கூறும் காரணம் இது.

கோயில் வெளியில் தேவியின் சந்நிதியை நோக்கிக் கூத்துமாடம் என்னும் நிலையான மேடை கட்டப்பட்டிருக்கும். அதன் நீளம் ஏறத்தாழ 42 அடி. வெண்திரையின் பின்னே தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள் வரிசையாக எரியும். மான்தோலில் வெட்டித் துளையிட்ட பாவைகளின் நிழல் திரையில் விழும். 7, 14, 21 என இரவுகள் நீளும். 41 இரவுகள் ஆடும் கோயில்களும் உண்டு. பாவை ஆட்டுவோரைப் புலவர் என்றே ஊரார் அழைப்பர். கேரளத்தில், மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட கலைஞர்க்குத் தமிழ்ப் பட்டம்! அதற்குக் காரணம் அவர்கள் பாடுவது கம்பன் பாட்டு. பாட்டைத் தமிழில் இசைத்துவிட்டு, தமிழும் மலையாளமும் விரவிய நடையில் விளக்கம் உரைப்பர். ஆடற்பற்று எனப்படும் அப்பனுவலைத் தொகுத்தவர் சின்னத்தம்பிப் புலவர் என்பது அவர்களிடையே வழங்கும் செவிவழிச் செய்தி. உயர்குலத்தார் இராமாயணம் ஓதும் இடத்தில் கேட்க உரிமை மறுக்கப்பட்டமையால், எல்லாரும் கேட்குமாறு அவர் இக்கூத்தை வகுத்தார் என்று அச்செய்தி கூறுகின்றது.

சொரணூரை அடுத்த கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் (1925-2000) இக்கலையைக் கோயிலுக்கு வெளியேயும் கொண்டுசென்றார். அவர் மகனார் இராமச்சந்திரப் புலவர்க்கு 2021இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. அண்மை ஆண்டுகளில் பெண்களே பாவை ஆட்டும் குழுவும் தோன்றியுள்ளது.

இக்கூத்தில் வியப்பூட்டும் செய்தி ஒன்று உண்டு. நள்ளிரவு கடந்தபின் கூத்துமாடத்தின்முன் பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. இதனை நேரில் ஆராய்ந்து 1996இல் நூல் வெளியிட்ட அமெரிக்க அறிஞர் சுடூவர்ட் பிளாக்பர்ன், காண்போர் இல்லாமையே இக்கூத்தின் தன்மையை உருவாக்கியது என்கின்றார். கேட்பதற்கு ஆள் இல்லாத மேடையில் புலவர்கள் தமக்குள்ளேயே உரையாடிக்கொள்கின்றனர். ஒருவர் பாவையின் வாயால் ஐயம் எழுப்புவார். மற்றொருவர் விடை கூறுவார். இடையே கிளைக்கதையும் சொல்விளையாட்டும் வந்து புகும். கைதட்ட ஒருவரும் இல்லாதபோதும் நகையாட ஒருவனால் இயலுமானால், அவனே பிறவிக் கலைஞன். ஆனால், கேட்பதற்கு ஒருவரும் இல்லை என்று அவர்கள் கருதுவதில்லை. எதிரே காளி இருக்கின்றாள். அரக்கனைக் கொன்றவளுக்கு அரக்கர் கதையே உவப்பானது.

அரக்கன்பால் கொண்ட அன்பு

இக்கூத்தின் தொடக்கமே கருதத்தக்கது. பஞ்சவடியில் கதை தொடங்குகின்றது. அங்கே சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் தவம் புரிகின்றான். இலக்குவன் அறியாது அவனைக் கொன்றுவிடுகின்றான். மகனை இழந்த தாயாகவே சூர்ப்பணகை நம்முன் வருகின்றாள். இந்நிகழ்ச்சி வான்மீகத்தில் இல்லை; கம்பனிலும் இல்லை. விமலசூரியின் சைன இராமாயணத்தில் இதனையொத்த கதை உண்டு. வேறு எங்கோ வழங்கிய கதையைக் கம்பன் பாடல்களோடு பொருத்திய புலவரின் உள்ளத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ‘அரக்கி’ என்று ஊர் சிரிக்கும் முன்னர், அவள் அழுவதற்கும் ஒரு காரணம் உண்டு என்று காட்ட அவர் விரும்பினார் போலும்.

கம்பனே அதற்கு வழி திறந்தவன் எனலாம். அழகிய மங்கையாக உருமாறி வரும் சூர்ப்பணகையோடு இராமன் நகையாடும் இடம் காப்பியத்தின் இனிய நகைச்சுவைப் பகுதிகளுள் ஒன்று. அந்நகை எங்கே சென்று முடிகின்றது? உறுப்பறுந்த ஒருத்தியின் ஓலத்தில் முடிகின்றது. கும்பகருணனை எழுப்பும் காட்சியும் அத்தகையதே. மலைபோல் உறங்குவானும் அவனை எழுப்ப ஏவலர் படும் பாடும் சிறுவரையும் சிரிக்க வைக்கும். விழித்தெழுந்த அவனோ, சீதையை விட்டுவிடு என்று அண்ணனுக்கு அறம் உரைக்கின்றான். அண்ணன் கேளாதபோது, தோற்போம் என்று தெரிந்தே களம் புகுகின்றான். தம்பி வீடணன் வந்து அழைத்தும் தன்னை வளர்த்தவனைக் கைவிட மறுக்கின்றான். யாரைக் கண்டு சிரித்தோமோ, அவனுக்காகவே கண்ணீர் விடுகின்றோம். நகை என்பது அரக்கனை நம் வீட்டுத் திண்ணை வரை அழைத்து வரும் வழித்துணை. அருகில் வந்து அமர்ந்தபின் அவன் அரக்கன் அல்லன், நம்மில் ஒருவன்.

கேரளத்துக் கதகளியும் இவ்வுண்மையை நிறத்தாலே உணர்த்தும். நல்லோர்க்குப் பச்சை. இராவணன் முதலியோர்க்குக் கத்தி வேடம். அவ்வேடத்தின் முகத்திலும் பச்சை அடியில் உண்டு. செந்நிறம் மேலே கீறப்பட்டிருக்கும். பிறவியில் உயர்ந்தவன், ஆசையால் திரிந்தான் என்பது குறிப்பு. பச்சை வேடம் வாய் திறந்து ஒலி எழுப்புவதில்லை. கத்தியும் தாடியும் அலறும். கரி வேடத்து அரக்கி தன்னை ஒப்பனை செய்துகொள்ளும் காட்சியில் அவை குலுங்கச் சிரிக்கும். நல்லவர்க்கு மேடையில் கட்டுப்பாடு மிகுதி. அரக்கர்க்கோ உரிமை மிகுதி. நடிகரும் குழந்தையரும் அரக்கரை விரும்புவதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டுமோ?

நகைப்பவன் யார்?

தெருக்கூத்தில் கட்டியக்காரன் ஒருவன் உண்டு. அவன் கதைக்குள்ளும் இருப்பான், வெளியிலும் இருப்பான். அரசனைப் போற்றிக்கொண்டே பழிப்பான். பாலக்காட்டில் பாணர் நடத்தும் பொறாட்டு நாடகத்தில் அவனுக்குச் சோத்தியக்காரன், அஃதாவது வினவுவோன் என்று பெயர். மேடைக்கு வரும் ஒவ்வொரு பாத்திரத்தையும் ‘நீ யார்? எங்கிருந்து வருகின்றாய்? எதற்கு வந்தாய்?’ என்று அவன் மடக்குவான். சித்தூர், ஆலத்தூர் வட்டங்களில் பகவதி கோயில்களில் கோடையில் நிகழும் கண்யார்களியிலும் பொறாட்டு என்னும் நகைச்சுவைப் பகுதி உண்டு. இவ்விரண்டின் பாடல்களிலும் தமிழும் மலையாளமும் கலந்தே வரும். ஊர்விட்டு ஊர் வந்த பல்வேறு குடியினரின் பேச்சும் நடையும் அங்கே நகைக்குப் பொருளாகும்.

18ஆம் நூற்றாண்டில் துள்ளல் கலையை வளர்த்த குஞ்சன் நம்பியாரும் பாலக்காட்டு மண்ணின் மைந்தரே. இலக்கிடியை அடுத்த கிள்ளிக்குறிச்சிமங்கலம் அவர் பிறந்த ஊர். சாக்கியார் கூத்துக்கு மிழவு கொட்டும்போது கண் அயர்ந்தமைக்காக அவையில் எள்ளப்பட்டார் என்றும், மறுநாளே புதியதோர் ஆடலைப் படைத்து அவையைத் தம்பால் ஈர்த்தார் என்றும் மரபு கூறும். எள்ளப்பட்டவன் எழுந்து நின்று எள்ளுவோனாக மாறிய கதை அது. தேவரும் அசுரரும் அவர் பாட்டில் கேரளத்துத் தெருக்களிலேயே நடமாடினர்.

தமிழகத்துத் தோற்பாவை நிழற்கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து சிரிப்பூட்டுவர். அக்கூத்தை நடத்துவோர் வீட்டில் பேசுவது மராத்தி. பாலக்காட்டிலோ மலையாளம் பேசுவோர் கம்பனைக் காக்கின்றனர். ஆந்திரத்துப் பாவைக்கூத்துக் கோமாளியும் குடுமியாலேயே பெயர் பெற்றவன். கடல் கடந்தாலும் இவ்வுறவு அறுவதில்லை. சாவகத்து வயாங் கூத்தில் செமார் என்னும் தொந்திக் கிழவன் பணியாளாய் வந்து சிரிப்பூட்டுவான். அவன் உண்மையில் மண்ணுக்கு இறங்கிய மூத்த தெய்வம் என்பர். மலேசியாவின் கிளந்தான் மாநிலத்து நிழற்கூத்தில் பாக் டோகோல் என்பானும் அத்தகையவனே. கோமாளியைத் தெய்வமென்று கண்ட மக்கள் நகைச்சுவையின் மதிப்பை நன்கு அறிந்தவர் ஆவர்.

கொங்கன் படை

இனி, நம்மை நேரே தொடும் செய்திக்கு வருவோம். சித்தூர் பகவதி கோயிலில் ஆண்டுதோறும் கும்ப மாதத்தில் கொங்கன் படை என்னும் விழா நடைபெறுகின்றது. கொங்கு நாட்டு அரசன் படையோடு சித்தூரின்மேல் வந்தான். ஊர் மக்கள் பகவதியைச் சரணடைந்தனர். அவளே களம் இறங்கிக் கொங்கரை வென்றாள் என்பது விழாவின் வரலாறு. போர் அறிவிக்கும் ஓலை வாசிக்கப்பெறும். படை வருகையும் போரும் நடித்துக் காட்டப்பெறும்.

தாரிகன் நின்ற இடத்தில் இங்கே யார் நிற்கின்றார்? கொங்கன் நிற்கின்றான். காளியின் கதையில் அரக்கனுக்கு உரிய பங்கு, சித்தூர் விழாவில் கணவாய்க்குக் கிழக்கிலிருந்து வந்த தமிழனுக்குக் கிடைத்தது!

இக்கட்டுரையாளன் கொங்கு நாட்டிலிருந்து சித்தூர் வட்டத்துக் கரிசல் நிலத்தில் குடியேறிய உழவர் வழியில் வந்தவன். பள்ளிச் சிறுவனாக இருந்தபோது விழாக் காலத்தில் உடன் பயின்றோர் ‘கொங்கன் வருகின்றான்’ என்று கூவிக்கொண்டு ஓடுவர். முதலாண்டு அழுதுகொண்டு வீட்டுக்குச் சென்றேன். ‘அழாதே அப்பா, கொங்கன் வரவில்லையென்றால் அவர்களுக்குத் திருவிழாவே இல்லை’ என்றார் பாட்டியார். அடுத்த ஆண்டு நானே ஒரு குச்சியை வாளாக ஏந்தி, மீசை வரைந்துகொண்டு அவர்களைத் துரத்தினேன். துரத்தப்பட்டவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று முதல் என்னை யாரும் விலக்கி வைக்கவில்லை. கொங்கன் வேடத்துக்கு என்னைவிடப் பொருத்தமானவன் அவ்வகுப்பில் இல்லை என்பதை அனைவரும் ஒப்புக்கொண்டனர்!

புலம்பெயர்ந்தோர் எவரும் புகுந்த ஊரில் முதலில் அரக்கராகவும், பின்னர்க் கோமாளியாகவும், அதன் பின்னரே மனிதராகவும் காணப்படுகின்றனர். மலைக்கு அப்பால் ‘பாண்டி’ என்ற சொல்லால் தமிழர் எள்ளப்படுவது உண்டு. மலைக்கு இப்பால் திரைப்படங்களில் தேநீர்க் கடை நாயரின் தமிழைக் கேட்டு நாம் சிரிப்பதும் உண்டு. இருபாலும் கணக்கு ஏறத்தாழச் சரியே. ஆனால் எள்ளல் எல்லாம் ஒரே தன்மையது அன்று. பிறனை வெளியே நிறுத்திக் கதவை அடைக்கும் எள்ளல் ஒன்று. அவனை உள்ளே அழைத்து அருகில் அமர்த்தும் நகை மற்றொன்று. முன்னதில் அரக்கன் அரக்கனாகவே இருக்கின்றான். பின்னதில் அவனுக்கும் தாய் உண்டு, பசி உண்டு, நன்றி உண்டு என்று தெரிகின்றது. சம்புகுமாரனின் தாயைப் படைத்த பெயரறியாப் புலவர் நமக்குக் கற்பித்தது இந்தப் பின்னதையே.

நிறைவுரை

கம்பனைக் காளியின்முன் இரவெல்லாம் பாடுகின்றவர்கள் அதனை அயலான் மொழி என்று எண்ணவில்லை. நம் குழந்தைகள் வேற்று நிலத்தில், வேற்று மொழி சூழ வளர்கின்றனர். தமிழ் அவர்கட்கு எப்படி நிலைக்கும் என்னும் கவலை நம் குடும்பங்கள்தோறும் உண்டு. பாலக்காட்டுக் கூத்துமாடம் அக்கவலைக்கு ஒரு மறுமொழி தருகின்றது. அங்கே தமிழ் நிலைத்தது ஆணையால் அன்று, கதையால் நிலைத்தது. அச்சமும் நகையும் நிறைந்த அரக்கர் கதையால் நிலைத்தது. எனவே நம் பிள்ளைகட்கு அறவுரைகளை மட்டுமே கூறிக்கொண்டிராமல், கும்பகருணன் எழுந்த கதையையும், பரணிப் பேய்கள் கூழ் உண்ட கதையையும், காளிக்குக் கூளி சொன்ன கதையையும் உறங்கும் முன் கூறுவோமாக. அவர்கள் அஞ்சட்டும், சிரிக்கட்டும், ‘இன்னும் ஒரு முறை’ என்று கேட்கட்டும். அவ்வாறு கேட்கும் மொழி தமிழாக இருந்தால் அதுவே போதும்.